பூண்டுப் பாத்தியில் ஒரு மலை

சுவிட்சர்லாந்துக்குப் போய் ஒரு மலையைக்கூடக் கண்ணால் பார்க்காமல் திரும்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதுகுளத்தூரில் எங்கள் கண்மாய்ச் சங்கத்துப் பெண்களிடம் சொன்னபோது, "ராமேஸ்வரம் போயி கடலைப் பாக்காம வந்த கதையால்ல இருக்கு" என்று சிரித்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? இறங்கிய நாள் முதல் திரும்பிய நாள் வரை ஒரே மூடுபனி. அக்டோபர் கடைசியில் அந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்து எழும்பி ஊர்மேல் உட்கார்ந்துகொள்கிறது. எழுந்து போக மனமில்லாத விருந்தாளி மாதிரி அங்கேயே கிடக்கிறது. மலை அதற்கு மேலேதான் இருக்கிறது என்று எல்லோரும் கை காட்டினார்கள். நான் கையைத்தான் பார்த்தேன்.

ஆனாலும் ஒரு மலையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு. அது சுவிட்சர்லாந்தில் இல்லாத மலை.

பீல் என்பது கடிகாரம் செய்கிற ஊர். தண்ணீருக்கும் காட்டுக்குமாக வேலை பார்க்கிற பெண்கள் சிலரை அங்கே ஒரு சின்னக் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கண்மாய் தூர்வாரித் திரிகிற என் பெயரையும் யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஹோட்டல் வேண்டாம், ஏதாவது தமிழ் வீட்டில் தங்குகிறேன் என்று நானே கேட்டுக்கொண்டேன். மூன்று வேளையும் பாலாடைக்கட்டி தின்கிற வீரம் எனக்குக் கிடையாது.

அப்படித்தான் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மன்னார்க்காரி. தொழிற்சாலையில் கைக்கடிகாரத்துக்கு முள் பொருத்துகிற வேலை. கணவர் யேசுதாசன் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறார். ஊர் தூங்கும்போது போய், ஊர் எழும்போது திரும்புகிறவர். முதல் நாள் அவர் கொண்டுவந்த ரொட்டி சடை பின்னிய மாதிரி இருந்தது. அதைப் பிய்க்கவே எனக்கு மனசு வரவில்லை.

"டீச்சர், பாணைச் சொதிக்குள்ள தோய்ச்சுச் சாப்பிடுங்கோ. கூச்சப்படாதேங்கோ," என்றார் அவர். "இஞ்சத்தைச் சனத்துக்கு இந்த ருசி தெரியாது."

தோய்த்துச் சாப்பிட்டேன். வெண்ணெய் வாசமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் பனியில் மிதந்தன. பயண அலுப்பில் உடம்பு ஒரு தேசத்திலும் கண் ஒரு தேசத்திலுமாக இருந்தது. அந்த மயக்கம் அங்கிருந்து கிளம்பும் வரை என்னை விட்டுப் போகவில்லை.

மறுநாள் கூட்டத்துக்குப் பஸ்ஸில் தனியாகப் போனேன். "பான்ஹோஃப் கழிஞ்சு அடுத்த நிப்பாட்டில இறங்குங்கோ" என்று ஸ்டெல்லா சொல்லி அனுப்பியிருந்தாள். பான்ஹோஃப் என்றால் ரயில் நிலையம். பஸ் நின்றது, "பான்ஹோஃப்" என்று ஒரு குரல் சொன்னது. அடுத்த கணமே "கார்" என்றது. ஆகா, அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது, இவ்வளவு பக்கமா என்று இறங்கிவிட்டேன். அந்த ஊரில் எல்லாவற்றையும் ஜெர்மனில் ஒரு தடவையும் பிரெஞ்சில் ஒரு தடவையும் சொல்வார்கள், 'கார்' என்றாலும் அதே ரயில் நிலையம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ் போய்விட்டது. பனியில் எதிர்ப்பக்கத்துக் கட்டடம்கூடத் தெரியவில்லை.

என்னோடு இறங்கிய இன்னொருத்தியும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, அதற்கு இரண்டு மடங்கு பெரிய பழைய கம்பளிக் கோட்டு. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "நீங்களும் இதை அடுத்த நிறுத்தம் என்று நினைத்தீர்களா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். இருவரும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம். அவள் பெயர் ரோஜின். குர்து இனத்துப் பெண். அவளும் அதே கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். வழி கேட்டுக் கேட்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேநீர் ஆறிப் போயிருந்தது.

கூட்டத்தில் என் முறை முதலில் வந்து தொலைத்தது. எங்கள் கண்மாய்களில் மண்டிக் கிடக்கிற சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குகிற படங்களைக் காட்டினேன். மரம் சாய்கிறது, பெண்கள் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் ரோஜினோடு இருந்த குர்துப் பெண்கள் முகம் வெளுத்துப் போனார்கள். காட்டைக் காப்பாற்றுகிற கூட்டத்தில் வந்து மரம் வெட்டுகிற பெருமை பேசுகிறாளே என்று நினைத்திருப்பார்கள். அது அந்நிய மரம், நிலத்தடித் தண்ணீரை எல்லாம் குடித்துவிடும் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அடுத்து ரோஜின் பேசினாள். படம் எதுவும் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். நானும் மூடிக்கொண்டேன், பாதி மரியாதைக்கு, பாதி தூக்கத்துக்கு. அப்போதுதான் அந்த மலையைப் பார்த்தேன்.

மொட்டை வெயில் காய்கிற மலை. ஆடு மேய்கிற மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும் ஓக் மரங்கள். அடிவாரத்தில் அணை கட்டுகிறார்கள், பள்ளத்தாக்கு பாதி முழுகிவிட்டது. உச்சியில் ராணுவக் காவல் சாவடி. முன்பெல்லாம் பனி பெய்து உருகி ஊற்றுகள் ஓடும், இப்போது பனியும் குறைந்து ஊற்றும் சுருங்கி, புல் கோடை வருமுன்பே காய்ந்துவிடுகிறது. சாவடியிலிருந்து விடுகிற வெளிச்சக் குண்டு ஒன்று புல்லில் விழுந்தால் போதும். ஊர்ப் பெண்கள் சாக்கை நனைத்து எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். "சாக்கால் அடிக்கக் கூடாது. அடித்தால் பொறி பறக்கும். நெருப்பின் மேல் வைத்து அமுக்க வேண்டும், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல," என்றாள். இரண்டு உள்ளங்கையையும் காற்றில் மெல்ல அமுக்கிக் காட்டினாள்.

கடைசியாக நெருப்புப் பிடித்தபோது சாலையிலேயே அவர்களை மறித்துவிட்டார்களாம். தடை செய்யப்பட்ட பகுதி. நனைத்த சாக்குகள் கையிலேயே காய்ந்துபோகும் வரை நின்று மலை எரிவதைப் பார்த்திருக்கிறார்கள். ரோஜினும் இன்னும் சிலரும் ஆட்டுத்தடம் வழியாக மேலே ஏறியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள்மேல் வழக்கு இருக்கிறது. அவளுடைய தோழி சிறையில் இருக்கிறாள்.

இப்போது அந்தப் பெண்கள் ஒரு நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். வேறு இடங்களிலிருந்து ஓக் விதை கொண்டுவந்து மலையில் நட்டுப் பார்த்தார்கள். முதல் கோடையிலேயே எல்லாம் கருகிவிட்டது. அந்த வறட்சியைத் தாங்க அந்த மலையின் சொந்த வித்து வேண்டும். விதை தருகிற ஒரு மரம்கூட அங்கே மிச்சமில்லை.

"ஆனால் இந்த ஊரில் இரண்டு இருக்கின்றன," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டையும் பார்க்கப் போனோம். ரோஜினின் சித்தி பெரிவான்தான் அவற்றை வளர்த்தவள். ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கடிகாரம் பூட்டுகிறவள். பெரிவான் ஜெர்மனில் சொல்ல, ஸ்டெல்லா எனக்குத் தமிழில் சொல்ல, நான் ரோஜினிடம் ஆங்கிலத்தில் சரிபார்க்க, எங்கள் பேச்சு ஊர் சுற்றி வந்தது.

ஊர் எல்லையில் துண்டு துண்டாகக் காணி பிரித்துக் குடும்பங்களுக்குத் தோட்டம் போட வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மரக் குடிசை. யாரோ ஒரு தமிழர் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கறிவேப்பிலையைப் போர்த்திப் படுக்க வைத்திருந்தார். பெரிவானின் காணிக் கோடியில் பனிக்குள் இரண்டு ஓக் மரங்கள் நின்றன. பக்கத்தில் போகப் போகத்தான் கிளை கிளையாக வெளியே வந்தன.

பெரிவான் இளவயதில் ஊர் எரிந்து ஓடிவந்தவள். வரும்போது கோட்டுப் பையில் ஒரு கைப்பிடி ஓக் கொட்டை. வழியெல்லாம் வலது கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தாளாம்.

"எல்லையில ஒரு அதிகாரி கை குடுக்க வந்தவராம்," என்று ஸ்டெல்லா சொன்னாள். "இவ இடக்கையை நீட்டினவவாம். வலக்கையை எடுத்தா விதை சிந்திப்போடும் எண்டு பயம். மரியாதை தெரியாத பொம்பிளை எண்டு அவர் நினைச்சிருப்பார் எண்டு சொல்லிச் சிரிக்கிறா."

ரோஜின் போட்டிருந்ததும் அதே கோட்டுதான். மெல்லிய சட்டையோடு வந்து நடுங்கியவளுக்குச் சித்தி எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

மரங்களுக்கு அது கடைசி இலையுதிர்காலம். அந்தத் தோட்டங்களில் மரம் இவ்வளவு உயரத்துக்கு மேல் வளரக் கூடாது என்று விதி. வருஷக்கணக்கில் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டும் இந்தக் குளிர்காலத்தில் வெட்டியே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. விதியைக் காக்கிற தோட்டத் தலைவர் ஹான்ஸ்பீட்டர் அடுத்த காணிக்காரர். எழுபது தாண்டியவர். நூல் பிடித்த மாதிரிப் பாத்தி கட்டியிருந்தார். "மரத்தோடு எனக்குச் சண்டை இல்லை, அந்தப் பறவைகளோடுதான்," என்று வேலிக்கு மேலாகச் சொன்னார். காகத்துக்குச் சொந்தம்போல ஒரு இனம், சிறகில் கொஞ்சம் நீலம், தொண்டையில் கிழிந்த துணிச் சத்தம். மரத்துக்கும் அவர் பூண்டுப் பாத்திக்குமாகப் பறந்து குழி பறித்துக்கொண்டிருந்தன.

அவை எங்களோடு போட்டிபோட்டுக் கொட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயின. பெரிவான் திட்டிக்கொண்டே மண்ணாங்கட்டியை எறிந்து விரட்டினாள். "திருட்டுக் கழுதைகள்" என்று ரோஜின் எனக்கு அதை மொழிபெயர்த்தாள்.

கொட்டைகள் அழகு. பெருவிரல் தடிமன், தலைமுடி சிலுப்பிய தொப்பி. முற்ற இரண்டு கோடை வேண்டுமாம். மதியம் வரை பொறுக்கி, புழு விழுந்ததைக் கழித்து, நல்லதை எல்லாம் ஈரப் பாசியில் பொதிந்து ஒரு துணிப்பையில் கட்டினோம். காயவே கூடாது, காய்ந்தால் செத்துவிடும் என்று பெரிவான் சொன்னாள். ரோஜின் மறுநாள் பிற்பகல் ரயிலேறி விமானத்துக்குப் போகிறாள். குளிர் இறுகுமுன் நாற்றங்காலில் ஊன்றியாக வேண்டும்.

அவர்கள் இருவரும் குடிசைக்குப் பின்னால் நின்று குர்து மொழியில் வெகுநேரம் பேசினார்கள். பேச்சு என்று சொல்ல முடியாது. சித்தி கெஞ்சினாள், மகள் தலையசைத்து மறுத்தாள். பிறகு பெரிவான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டெல்லாவிடம் ஏதோ சொன்னாள்.

"திரும்பிப் போனா இவவைப் பிடிப்பினம் எண்டு பயப்பிடுறா," என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. "இஞ்சயே அகதியாப் பதிஞ்சு இரு எண்டு கேக்கிறா. அவ மாட்டன் எண்டுறா. விதையைக் கொண்டுபோறன் எண்டு அங்க எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் எண்டுறாவாம்."

அன்று மாலை ஃப்ரிபூர்க் என்ற ஊரில் மாணவர்களிடம் பேச ரோஜின் போக வேண்டியிருந்தது. பெரிவான் வீட்டில் இருந்தது சூட்டைக் குறைக்க முடியாத பழைய சூடாக்கி. ஆகவே பையை ஸ்டெல்லா வீட்டுப் பால்கனியில் குளிர்ச்சியாக வைப்பதென்று முடிவாயிற்று. நானே நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து வைத்தேன்.

காலையில் ஒரு கனவு. எங்கள் கண்மாய்க் கரையில் பனங்கிழங்கு சுடுகிறார்கள். கரை நிறையப் பெண்கள், எல்லோர் கையிலும் ஈரச் சாக்கு. தண்ணீருக்கு அக்கரையில் ரோஜினின் மலை. கருகின தோலும் மாவுமாக அந்த வாசம் அத்தனை சுகமாக இருந்தது. கண் விழித்த பிறகும் வாசம் போகவில்லை.

அடுப்படிக்குப் போனேன். ஸ்டெல்லா வேலைக்குப் போய்விட்டிருந்தாள். யேசுதாசன் பேக்கரி வெள்ளை உடுப்போடு, ரொட்டி சுடுகிற அவணில் இருந்து ஒரு தட்டை இழுத்துக்கொண்டிருந்தார். தட்டு நிறைய ஓக் கொட்டை.

"எழும்பிட்டீங்களோ டீச்சர்? உந்தப் பொம்பிளையள் என்ன செய்திருக்கினம் பாருங்கோ," என்றார். "விதையை ஈரப் பாசிக்குள்ள கட்டி வச்சிருக்கினம். விட்டிருந்தா ஊறி அழுகியிருக்கும். வெயிலும் இல்லை, அதுதான் வந்த உடன அவணில மெல்லிய சூட்டில காயப்போட்டனான். விதைநெல்லுக்குப் பிரட்டுற மாதிரி கிறில் சாம்பலும் பிரட்டியாச்சு. வேப்பிலைக்கு இஞ்ச எங்க போறது? ரோஸ்மரி போட்டிருக்கிறன்."

 அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் வீட்டில் உளுந்து, கம்பு, பூசணி விதை வரைக்கும் காயப்போட்டுச் சாம்பல் தடவாமல் எடுத்துவைத்தது உண்டா? விதை என்றால் காய வேண்டும். பெரிவான் சொன்னது என் காதில் விழுந்திருக்காவிட்டால் நானே எடுத்து வெயிலைத் தேடியிருப்பேன்.

"அண்ணே, அது காயக் கூடாத விதையாம்," என்றேன். "காஞ்சா செத்துருமாம்."

"காயாத விதையோ? அப்பிடியும் ஒரு விதை இருக்கோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மலையைப் பற்றிச் சொன்னேன், மரத்தை வெட்டப்போவதைச் சொன்னேன். அவர் ஒரு கொட்டையை எடுத்துக் காதோரம் குலுக்கினார். உள்ளே பருப்பு கடகடத்தது. முகம் மாறிவிட்டது.

"பனங்கொட்டையை நாங்கள் காயப்போடுறதில்லையே," என்றார். "ஈர மண்ணுக்குள்ளதானே புதைக்கிறனாங்கள். அது எனக்கு ஞாபகம் வரேல்லையே, டீச்சர்."

நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. "நான் செய்ததை நான்தான் சொல்லவேணும்" என்று உடுப்பைக்கூட மாற்றாமல் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ரோஜினை வழியனுப்ப லீவு போட்டிருந்த பெரிவானின் வாசலில் அவர் பேசிய ஜெர்மனில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் புரிந்தது, ஓஃபன். அடுப்பு. பெரிவான் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிக் கேட்டாள். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் பிடித்துக் கொட்டைகளைச் சரித்தாள். உயிருள்ளது மூழ்கும். ஒன்றுகூட மூழ்கவில்லை. சாம்பல் கலங்கிய தண்ணீரில் எல்லாம் மேலே வந்து நின்றன.

அப்போதுதான் ரோஜின் ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்து சேர்ந்தாள். வாளியைப் பார்த்தாள், வெள்ளை உடுப்போடு தலைகுனிந்து நின்றவரைப் பார்த்தாள். பெரிவான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினாள். அந்த மொழி தெரியாத எனக்கும் அது புரிந்தது. விதை போய்விட்டது, இனி நீ எதற்குப் போகவேண்டும், இருந்துவிடு. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குள்ளும் அந்த நேரத்தில் அதே எண்ணம்தான். மலை போனால் போகிறது, இந்தப் பெண் சிறைக்குப் போகாமல் இருக்கட்டும் என்றுதான் இருந்தது.

ரோஜின் வாளிப் பக்கத்தில் குந்தினாள். இரண்டு உள்ளங்கையாலும் மிதக்கிறவற்றைத் தண்ணீருக்குள் மெல்ல அமுக்கினாள். கையை எடுத்ததும் அவை திரும்ப வந்தன. மறுபடி அமுக்கினாள். பிறகு ஒன்றை எடுத்து உடைத்துக் கடித்தாள். "பஞ்ச காலத்தில் எங்கள் ஊரில் இதை அரைத்து ரொட்டி சுடுவார்கள்," என்றாள். எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். நாக்கை இழுக்கிற கசப்பு. யேசுதாசன் தன் பங்கை முழுக்க மென்று விழுங்கினார். கண்ணில் நீர் வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

முதலில் எழுந்தது பெரிவான்தான். இரு என்று கெஞ்சிய அதே பெரிவான். கதவுப் பின்னாலிருந்து சின்ன மண்வெட்டியை எடுத்தாள், ரோஜினின் பெட்டியையும் எடுத்தாள். "தோட்டம்" என்றாள். நாங்கள் நால்வரும் பஸ்ஸில் ஏறினோம். இம்முறை சரியான நிறுத்தத்தில் இறங்கினோம்.

மரத்தடியில் ஒன்றும் இல்லை. முந்தின நாள் நாங்களே துடைத்துப் பொறுக்கியிருந்தோம். வெறும் தொப்பிகளும் புழுத்த கொட்டைகளும் கிடந்தன. முழங்காலிட்டு இலைகளைப் புரட்டினோம். ஈரம் சேலை வழியாக ஏறிக் காலை மரக்கச் செய்தது. தலைக்கு மேலே அந்தப் பறவை ஒன்று கத்தியது.

வேலிக்கு அப்பால் ஹான்ஸ்பீட்டர் வந்து நின்றார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். யேசுதாசன் சொன்னார். இப்போது அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார் என்று அவர் கை ஆட்டியதிலிருந்து தெரிந்தது, நெல், சாம்பல், அவண் எல்லாம். கிழவர் கேட்டுவிட்டுத் தன் பாத்தியைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்து எரிச்சலாக ஏதோ சொன்னார்.

"பறவையள் தன்ரை பூண்டுக்குள்ள கொட்டையளைக் குத்தி வச்சிருக்காம்," என்று யேசுதாசன் திரும்பினார். "குளிருக்குச் சேமிப்பாம். பிறகு எங்க வச்சதெண்டு அதுகளுக்கே மறந்துபோமாம். ஒவ்வொரு வசந்தமும் முளைக்கிறதைப் பிடுங்கியே தனக்கு நாரி முறிஞ்சு போச்சாம்."

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்குமுன் ரோஜின் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எங்கள் மலையிலும் இந்தப் பறவை உண்டு," என்றாள். "அந்தக் காட்டை மனிதர் யாரும் நட்டதில்லை. இதுதான் நட்டது. நேற்று சித்தி அதை மண்ணாங்கட்டியால் அடித்தபோது நான் தடுக்கவில்லை."

ஹான்ஸ்பீட்டர் படலைத் திறந்தார். நூல் பிடித்துக் கட்டிய பூண்டுப் பாத்தியில் தானே முதலில் மண்டியிட்டார். பூண்டு முளை விட்டிருந்தது. ஒவ்வொரு பல்லையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மண்ணைக் கிளறினார். நாங்களும் வரிசையாக உட்கார்ந்து விரலால் துழாவினோம். பூண்டு வாசமும் ஈர மண் வாசமும் பனியும் கலந்து, நான் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோனது. முதலில் கிடைத்தது யேசுதாசனுக்கு. கனமான கொட்டை, தொப்பி இல்லை, ஓட்டில் அலகு பட்ட வடு. ஈர மண் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கப் போனவர் பயந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மண்ணோடயே இருக்கட்டும்," என்றார். "நான் ஒண்டும் செய்யேல்லை."

எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி தேறியது. ஹான்ஸ்பீட்டர் தன் பூவாளியில் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றாகக் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தன. பெரிவான் பூவாளிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷமா துக்கமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். தேடிக் கொடுத்ததும் அவள்தான், அதனால் பறிகொடுக்கப் போவதும் அவள்தான்.

மரம் என்ன ஆகும் என்று கிழவரிடம் கேட்கச் சொன்னேன். விதி விதிதான், வெட்டத்தான் வேண்டும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, கிளறாத பாதிப் பாத்தியை வசந்தம் வரை தொடமாட்டேன், முளைத்தால் பிடுங்கமாட்டேன் என்றார். விதி மீறுகிற உயரத்துக்கு அது வளர இன்னும் பல வருஷம் ஆகுமே, அப்போது தலைவர் வேறு ஆளாக இருப்பார் என்று யேசுதாசனிடம் கண்ணடித்தார்.

ரயில் நிலையத்துக்கு ஸ்டெல்லாவும் வேலை முடிந்து ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டு, "இஞ்சருங்கோ, உங்களை ஆர் சமையலறைக்குள்ள விட்டது?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரோஜினிடம் ஒரு காகிதப் பையைக் கொடுத்தார். உள்ளே அந்தச் சடை ரொட்டி. வழியில் சாப்பிடச் சொன்னார். சாம்பல் சேர்க்கவில்லை என்று என்னைச் சொல்லச் சொன்னார். ரோஜின் சிரித்தாள், அன்று முதல் தடவையாக.

ரயில் பனிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் வந்து நின்றது. பெரிவான் அவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கோட்டுக் காலரைச் சரிசெய்தாள், பொத்தான் எல்லாவற்றையும் போட்டுவிட்டாள், ஒரு பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள். இரு என்று அவள் சொல்லவில்லை. பெட்டியை யேசுதாசன் உள்ளே ஏற்றிவைத்தார்.

ரோஜின் படியில் ஏறி நின்று என்னை நோக்கிக் கையை நீட்டினாள். இடது கையை. எங்கள் பக்கத்தில் யாராவது இடது கையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நான் அவள் வலது கையைப் பார்த்தேன். அது கோட்டுப் பைக்குள் இருந்தது. பை சின்னதாகப் புடைத்திருந்தது.

அந்த இடது கையை என் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பூண்டு வாசம் அடித்தது.